பிடி யார் கையில்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை இழந்து வருகிற நம்மவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, 'கேஸ் போடலாமா?' என்பதுதான். சிறு நிறுவனங்களின் சம்பளக் கணக்கை நெடுங்காலம் எழுதியவன் என்பதாலும், சாட்ஸ்வொர்த்தில் கோயில் சங்கத்தாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன் என்பதாலும் அந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. போடலாம், அதற்குக் கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் எதை வாங்குவதற்காகப் போடுகிறோம், அதைக் கொடு என்று உத்தரவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறதா, அதற்கான கெடு இன்னும் முடியாமல் இருக்கிறதா என்பவற்றை யோசிக்காமல் போடுகிற வழக்கு, முதலாளியைப் பணிய வைப்பதற்குப் பதிலாக அவருக்குத் தெம்பைக் கொடுத்துவிடுகிறது. நியாயம் முழுவதும் தம் பக்கம் இருந்தும் வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கெடுவைச் சொல்லிவிடுகிறேன். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் 1996 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சமரசத்துக்கும் நடுவர் விசாரணைக்குமாக அந்தச் சட்டம் உண்டாக்கிய ஆணையத்தைத்தான் எல்லோரும் சி.சி.எம்.ஏ. என்கிறோம். வேலையிலிருந்து நீக்கியது நியாயமற்றது என்று அங்கே முறையிட, நீக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்கள் மட்டுமே உண்டு. நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்திருந்தால், அதன் இறுதி முடிவு வந்த நாளிலிருந்து அந்த 30 நாட்கள் தொடங்கும். பதவி உயர்வு, சலுகைகள், தற்காலிக நீக்கம் போன்றவற்றில் முதலாளி முறைகேடாக நடந்தார் என்ற புகாருக்கு 90 நாட்கள். இவை வேலை நாட்கள் அல்ல. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். கெடு தாண்டிய பிறகும் மன்னிப்புக் கோரி விண்ணப்பிக்க வழி உண்டு என்றாலும், தாமதம் எவ்வளவு, காரணம் என்ன, வழக்கில் வெல்ல வாய்ப்பு இருக்கிறதா என்றெல்லாம் விளக்கி எழுத வேண்டும். அது கிடைத்தே தீரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. 'முதலாளி கூப்பிட்டுப் பேசுவதாகச் சொன்னார், அதனால் காத்திருந்தேன்' என்று சொல்லி வருகிறவர்களே அதிகம். முதலாளி பேசட்டும், பேச்சு நடக்கும்போதே படிவமும் போய்ச் சேரட்டும். படிவம் போனதாலேயே பேச்சு முறிந்துவிடுவதில்லை. பல இடங்களில் அதற்குப் பிறகுதான் பேச்சு உண்மையிலேயே தொடங்குகிறது.

டர்பனின் தையல் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு குறிப்பு. ஆடை உற்பத்தித் தொழிலுக்கென்று, முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்துகிற தனிப் பேரக் குழு இருப்பதால், அவர்களுடைய புகார் பொதுவாகச் சி.சி.எம்.ஏ.வுக்குப் போகாமல் அந்தக் குழுவிடம் போக வேண்டும். இடம் மாறிக் கொடுத்துவிட்டு அலைகிற நேரத்திலும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். வழக்குத் தொடங்குவதற்கு முன்பே, முதலாளி நீட்டுகிற ஒரு காகிதத்தில் பாதி வழக்கு முடிந்துபோகிறது.

கட்டுமானப் பொருள் மொத்த வியாபாரம் செய்கிற ஓரிடத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வெள்ளிக்கிழமை மாலை, 'திங்கள் முதல் வர வேண்டாம்' என்று வாயால் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடுத்த வாரம் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். 'சரக்கு இருப்பில் குறைவு ஏற்பட்டிருக்கிறது, அதற்கு என்னுடைய ஒழுங்கீனமே காரணம், அந்த இழப்பை என் சம்பளத்திலும் எனக்குச் சேர வேண்டிய பிற தொகைகளிலும் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்' என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போட்டால் கடைசி மாதச் சம்பளமும், வேலையின்மைப் பணம் கேட்கத் தேவையான யு.ஐ.-19 படிவமும் அன்றே கிடைக்கும் என்றார்களாம்.

"அண்ணே, வீட்டில் செலவுக்கு இல்லை. இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, பிறகு கேஸ் போட்டால் ஆகாதா?" என்று கேட்டார். அந்த நிலையில் இருக்கிற எவரும் அப்படித்தான் கேட்பார்.

அந்தக் காகிதம் என்னென்ன செய்யும் என்பதை அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, சட்டமோ நீதிமன்ற ஆணையோ அனுமதிக்காத எந்தத் தொகையையும் தொழிலாளியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் முதலாளி சம்பளத்தில் பிடிக்க முடியாது. இழப்புக்காகப் பிடிப்பதென்றால், இழப்பு தொழிலாளியின் தவறால் நேர்ந்திருக்க வேண்டும், தம் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தந்திருக்க வேண்டும், பிடிக்கும் தொகை உண்மையான இழப்பைத் தாண்டக் கூடாது, சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. இதை முதலாளியும் அறிவார். அதனால்தான் சம்மதக் கையெழுத்தைக் கேட்கிறார். அடுத்தது ஓய்வூதிய நிதி. சேமித்த அந்தப் பணத்தில் முதலாளி கை வைக்கவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் ஓய்வூதிய நிதிச் சட்டத்தில் 37டி என்ற பிரிவு இருக்கிறது. திருட்டு, மோசடி, நேர்மையின்மை, ஒழுங்கீனம் ஆகியவற்றால் முதலாளிக்கு இழப்பு ஏற்பட்டு, அந்தப் பொறுப்பைத் தொழிலாளி எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தாலோ, அந்தத் தொகையை நிதியிலிருந்தே கழித்துக்கொள்ள அது வழி செய்கிறது. ஆகவே காகிதத்தில் 'ஒழுங்கீனம்' என்று எழுதியிருந்தது தற்செயலாக இருக்க முடியாது. இவை போதாதென்று, நாளைக்கு நடுவர் முன்னால் நீக்கம் நியாயமானதுதான் என்று காட்டுவதற்கு முதல் சான்றாகவும் அந்தக் கையெழுத்தே வந்து நிற்கும். ஒரு மாதச் சம்பளத்துக்காகப் பல வருடச் சேமிப்பையும் வழக்கையும் சேர்த்து அடகு வைப்பது போன்றது அது.

கடைசிச் சம்பளம், எடுக்காத விடுமுறைக்கான பணம், பணிச் சான்றிதழ் ஆகியவை எந்தக் கையெழுத்துக்கும் கைம்மாறாகத் தரப்படுபவை அல்ல. வேலை முடிந்ததும் அவற்றைத் தருவது முதலாளியின் கடமை. பணிச் சான்றிதழில் பெயர், செய்த வேலை, சேர்ந்த நாள், விலகிய நாள், கடைசியாக வாங்கிய சம்பளம் ஆகியவை இருக்க வேண்டும். நீக்கிய காரணத்தைத் தொழிலாளி கேட்டால் மட்டுமே எழுதலாம். வேண்டாத காரணத்தை எழுதிக் கொடுத்து அடுத்த வேலையைக் கெடுக்கிறவர்கள் இதை அறிய வேண்டும். யு.ஐ.-19 படிவமும் அப்படியே. மாதந்தோறும் தொழிலாளியிடம் ஒரு சதவீதமும் முதலாளியிடம் ஒரு சதவீதமுமாக யு.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்குப் போனது, வேலையில்லாத மாதங்களில் அவருக்குக் கை கொடுப்பதற்காகவே.

இன்னொரு காகிதமும் உண்டு, இதைவிட இனிப்பாக வருவது. 'நீக்கினோம் என்று எழுதினால் உன் பெயர் கெடும். நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு' என்பார்கள். தாமாக விலகியவருக்கு யு.ஐ.எஃப். பொதுவாகக் கிடைப்பதில்லை. நீக்கமே நடக்கவில்லை என்று ஆகிவிடுவதால் நியாயமற்ற நீக்கம் என்று முறையிடவும் முடியாமல் போகும். வேலையில் நீடிக்க முடியாதபடி முதலாளியே செய்துவிட்டார், அதனால்தான் விலகினேன் என்று வாதிடச் சட்டத்தில் இடம் உண்டு என்றாலும், அதை நிரூபிக்கும் சுமை முழுவதும் தொழிலாளியின் தலையில் விழும். அது எளிதில் நிற்கிற வாதமும் அன்று. ஒழுங்கு விசாரணைக்குப் பயந்து ராஜினாமா எழுதாதீர்கள் என்று நான் மன்றாடாத வாரம் இல்லை.

அந்த ஸ்டோர் கீப்பர் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாக நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். அதில் கோபம் எதுவும் இல்லை. எந்தத் தேதியில், யார், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதையும், விசாரணை எதுவும் நடக்கவில்லை என்பதையும், சரக்குக் குறைவு பற்றிய பதிவேட்டைக் காட்டக் கோருவதையும், சம்பளம், விடுமுறைப் பணம், பணிச் சான்றிதழ், யு.ஐ.-19 ஆகிய நான்கையும் தரக் கோருவதையும் எழுதினோம். அந்த மின்னஞ்சல் மிக முக்கியமானது. நீக்கம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி; நீக்கம் நடந்தது என்று ஆகிவிட்டால், அது நியாயமானதுதான் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. வாயால் அனுப்பிவிட்டு, 'அவராகத்தான் வராமல் நின்றுவிட்டார்' என்று பிறகு சொல்கிற முதலாளிகள் உண்டு. நடந்ததை உடனே எழுத்தில் பதிந்து அனுப்பி வைத்தால் அந்தப் பேச்சுக்கு வலு குறைந்துவிடும். அதன் பிறகு முறையீட்டுக்கான 7.11 படிவத்தை நிரப்பி, ஒரு பிரதியை நிறுவனத்துக்கு அனுப்பி, அனுப்பியதற்கான சான்றோடு ஆணையத்தில் கொடுத்தோம்.

சமரசப் பேச்சில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது, நடுவர் விசாரணையில் சான்றாகக் காட்டவும் கூடாது என்பது விதி. ஆகவே அங்கே யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுத மாட்டேன். ஆனால் முதலாளியை நெருக்கிய கணக்கு எது என்பதைச் சொல்லலாம், ஏனென்றால் அது இத்தகைய எந்த வழக்குக்கும் பொருந்தும். சமரசப் பேச்சில் வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் கன்சல்டன்ட் வந்தாலும் வெளியேதான் உட்கார வேண்டும். ஒழுக்கக் குற்றத்துக்காக நீக்கிய வழக்கின் நடுவர் விசாரணையிலும், நடுவர் தனியாக அனுமதித்தால் ஒழிய வழக்கறிஞர் வர முடியாது. பெரிய வழக்கறிஞரை அமர்த்தித் தொழிலாளியைத் திணறடிக்கலாம் என்ற வழி இதனால் அடைபடுகிறது. விசாரணை வைக்காமல் நீக்கியிருக்கிறார், பதிவேடு சரியாக இல்லை, தோற்றால் 12 மாதச் சம்பளம் வரை இழப்பீடு தர நேரலாம், இல்லையென்றால் ஆளைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள நேரலாம். மேலே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சீராய்வு கேட்பதும் மலிவான வழியாக இல்லை. 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சீராய்வு கேட்பதால் மட்டும் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படாது. நிறுத்தி வைக்க வேண்டுமென்றால், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொன்னால் ஒழிய, இழப்பீட்டுத் தொகை முழுவதற்கும், மீண்டும் வேலை கொடுக்கும் உத்தரவாக இருந்தால் 24 மாதச் சம்பளத்துக்கும் பிணை கட்ட வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கிற எந்த வியாபாரியும் பேசி முடிப்பதே லாபம் என்று அறிவார். அந்த வழக்கும் பேசித்தான் முடிந்தது. நான்கு கோரிக்கைகளும் நிறைவேறின, மேலே சில மாதச் சம்பளமும் கிடைத்தது. ஒழுங்கீனம் என்ற சொல் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. ஓய்வூதியச் சேமிப்பு முழுதாகக் கைக்கு வந்தது.

இதே கணக்கு தொழிலாளியின் பக்கமும் ஒரு வரம்பைக் காட்டுகிறது. மிக மோசமான காரணங்களுக்காக, கர்ப்பம், இனம், தொழிற்சங்கத்தில் சேர்ந்தது போன்றவற்றுக்காக நீக்கியிருந்தால் இழப்பீடு 24 மாதங்கள் வரை போகலாம். மற்றபடி 12 மாதங்கள்தான் உச்சம், பலருக்குக் கிடைப்பது அதிலும் குறைவு. 'இருபது வருடம் உழைத்தேன், இரண்டு மில்லியன் ராண்ட் கொடு' என்று கடிதம் எழுதினால், எழுதியவருக்குச் சட்டம் தெரியாது என்பதை முதலாளியின் ஆலோசகர் அந்த ஒரு வரியிலேயே கண்டுகொள்வார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற எதற்கும் எடை இருக்காது.

வரம்பு மீறிய தொகையைக் காட்டிலும் ஆபத்தானது வரம்பு மீறிய மிரட்டல். 'முதலாளி வரி ஏய்ப்பது தெரியும், இவ்வளவு கொடுக்காவிட்டால் வரித் துறைக்குச் சொல்லிவிடுவேன்', 'மானேஜர் என்னை அடித்தார், பணம் தராவிட்டால் போலீஸுக்குப் போவேன்' என்றெல்லாம் எழுதச் சொல்லிச் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் மறுத்திருக்கிறேன். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம். குற்றத்தை வெளியே சொல்லாமலிருக்கப் பணம் வாங்குவதும் குற்றம். அடி வாங்கியது உண்மையென்றால் போய்ப் புகார் கொடுங்கள். அந்தப் புகாருக்கு விலை பேசாதீர்கள். முதலாளிக்கும் இதுவே பொருந்தும். 'கையெழுத்துப் போடாவிட்டால் திருட்டு வழக்கு' என்று மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் ஒப்புதலும் பின்னால் நடுவர் முன் நிற்காமல் போகலாம். ஆனால் மிரட்டல் நடந்தது என்பதைக் காட்டச் சான்று வேண்டும். கதவு மூடிய அறைக்குள் தனியாகப் போகாமல் சக ஊழியர் ஒருவரை உடன் அழைத்துப் போவதன் அருமை அப்போதுதான் தெரியும்.

சட்டத்தின் வலுவை எதற்குப் பயன்படுத்துவது என்று யோசிக்கும்போது எனக்குப் பாலசுந்தரத்தின் நினைவு வரும். டர்பனை உள்ளடக்கிய அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில் ஒப்பந்தக் கூலியாக இருந்த தமிழர் அவர். 1894இல், முன்பற்கள் உடைந்து வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்றார். காந்தியிடம் எழுத்தராக இருந்தவரும் தமிழரே. அவர் வழியாகத்தான் காந்திக்கு நடந்தது விளங்கியது. முதலாளி அடித்திருந்தார். காந்தி அவரை முதலில் மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு நீதிபதியிடம் போனார். நீதிபதி முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார். அக்காலச் சட்டப்படி ஒப்பந்தக் கூலி முதலாளியை விட்டு வெளியேறினால் அது குற்றவியல் வழக்கு; சிறை வரை போகலாம். பாலசுந்தரத்துக்கு வேண்டியிருந்தது அந்த முதலாளியிடமிருந்து விடுதலை. அதற்கு இரண்டு வழிகளே இருந்தன: ஒப்பந்தக் கூலிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி ஒப்பந்தத்தை ரத்துச் செய்யவோ வேறொருவருக்கு மாற்றவோ வேண்டும், இல்லையென்றால் முதலாளியே விட்டுக்கொடுக்க வேண்டும். காந்தி முதலாளியிடம் நேரே போய், உங்களுக்குத் தண்டனை வாங்கித் தர எனக்கு விருப்பமில்லை, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார். சம்மன் கையில் இருந்த முதலாளி உடனே இணங்கினார். புதிய முதலாளி ஒருவரைக் காந்தி தேடிக் கொடுத்ததும் மாற்றம் முடிந்தது.

அந்தப் பாதுகாவலர் பதவி வந்த விதமும் நம் மக்களின் முறையீட்டால்தான். முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1871இல் சென்னைக்குத் திரும்பியபோது, அடி உதை பற்றியும் பிடித்து வைத்த கூலி பற்றியும் அங்கே அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். நேட்டாலுக்கோ கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய மீண்டும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். குறைகளைத் தீர்க்காமல் ஆள் அனுப்ப முடியாது என்று இந்திய அரசு சொன்னது. நேட்டால் அரசு 1872இல் விசாரணைக் குழு அமைத்தது, பாதுகாவலரை நியமிக்க ஏற்பாடு செய்தது; 1874இல்தான் கப்பல்கள் மறுபடி வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத, வேலையை விட்டுப் போய்விட்ட கூலிகள், தங்கள் சொல்லைக் கேட்டாக வேண்டிய இடம் எது என்று அறிந்து அங்கே போய்ச் சொன்னார்கள். எனக்கு அதில் மிகுந்த பெருமை உண்டு.

முதலாளிகள் பக்கமும் நியாயமான அச்சம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாடிக்கையாளர் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்காகத்தான் வேலை ஒப்பந்தத்திலேயே, விலகிய பின் இன்ன காலத்துக்கு இன்ன ஊரில் இதே தொழில் செய்யக் கூடாது என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதியது செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1984இல் மேக்னா அலாய்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்தகைய தடை செல்லும், பொது நலனுக்கு முரணானது என்று காட்டும் பொறுப்பு தப்பிக்க விரும்புகிறவருடையது என்று தீர்த்தது. 1993இல் பாஸன் எதிர் சில்வான் வழக்கில், காக்கத் தக்க நலன் ஏதாவது முதலாளிக்கு உண்டா, அதற்கு விலகிய தொழிலாளியால் கேடு வருகிறதா, அந்த நலனை அவர் வேலையின்றிச் சும்மா இருக்க வேண்டிய இழப்போடு சீர்தூக்கினால் எது கனம் என்பன போன்ற கேள்விகள் வகுக்கப்பட்டன. தொழில் ரகசியமும் வாடிக்கையாளர் தொடர்பும் காக்கத் தக்கவை. தொழிலாளி தம் கைத்திறமையை எடுத்துப் போவதைத் தடுக்க முடியாது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண்ணையோ லாரி ஓட்டியவரையோ இந்தத் தடையைக் காட்டி மிரட்டுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. ஆனாலும் வழக்கறிஞர் கடிதம் வந்தால் பதில் எழுதாமல் இருந்துவிடக் கூடாது.

செலவைப் பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். தோற்றால் எதிராளியின் செலவைக் கட்ட வேண்டுமோ என்று. வீண் வழக்கு, தொல்லைக்காகப் போட்ட வழக்கு என்று நடுவர் கருதினால் ஒழிய, சி.சி.எம்.ஏ.வில் அது விதிக்கப்படுவதில்லை. தொழிலாளர் நீதிமன்றத்திலும் தோற்றவர் கட்டுவது என்பது தானாக வரும் விதி அல்ல. 2018இல், நம் குவாசுலு-நேட்டாலிலிருந்து போன ஸுங்கு வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

கடைசியாக, பேசி முடித்த பிறகு எழுதுகிற உடன்படிக்கை. மகிழ்ச்சியில் இதைப் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். தொகை வரிக்கு முந்தையதா பிந்தையதா என்று அதில் இருக்க வேண்டும். முதலாளி வருவாய்த் துறையிடம் வரி உத்தரவு வாங்கிப் பிடித்தம் செய்த பிறகே பணம் வரும், கேட்ட தொகைக்கும் வந்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று அலறி வந்தவர்கள் உண்டு. எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில், ஒரே தவணையா பல தவணையா என்று இருக்க வேண்டும். யு.ஐ.-19, பணிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தரும் நாளும், ஓய்வூதிய நிதியில் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரியும் இருக்க வேண்டும். 'எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்பதற்கு முன்னால் 'பணம் முழுதும் செலுத்தப்பட்டதும்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 142ஏ பிரிவின்படி அந்த உடன்படிக்கையை நடுவர் தீர்ப்பாக்கிவிடலாம். பணம் வராவிட்டால் ஆணையத்தின் சான்று பெற்று ஷெரீஃபிடம் கொடுத்து வசூலிக்கலாம். தேதி தவறிய மறுநாளே அதற்கு விண்ணப்பியுங்கள்; அடுத்த மாதம் தருகிறேன் என்றால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு விண்ணப்பியுங்கள்.